ரம்பாய்க்குப் போன கண்டக்டர்

காஜா பெராங் வழியாகப் புக்கிட் ரம்பாய்க்குப் போகும் பஸ்ஸில் சேதுராமன் கண்டக்டர். பொறுமைசாலி, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஒரே ஒரு விசித்திரப் பழக்கம்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பஸ்ஸுக்கு அடியில் மூன்று தடவை குனிந்து பார்த்த பிறகுதான் மணியடிப்பார்.

மலாயாவின் சுதந்திரத் தேதியைப் பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்த அன்று, தள்ளுமுள்ளில் அவருடைய பஸ் படியிலிருந்து ஒரு கிழவர் சக்கரத்தருகே விழுந்தார். கிழவருக்குப் போனது ஒரு செருப்பு. சேதுராமனுக்குப் போனது தூக்கம். நாடு சுதந்திரம் அடைந்து ஓராண்டு ஆகியும் அது திரும்பவில்லை. விழுந்தவரோ அதே பஸ்ஸில் ஜன்னலோரம் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறார்.

இந்த நிலையில்தான் ஜாலான் பெண்டஹாரா ஜவுளிக்கடைப் பொன்னுதுரையின் மகள் சாரதாம்பாளை அவருக்குப் பேசியிருந்தார்கள். முப்பத்தாறு வயதில், சேதுராமனைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன முதல் பெண். தை மாதம் நிச்சயம். அதற்குள் குனிவது நிற்க வேண்டும். குனிகிற விஷயம் பெண் வீட்டாருக்குத் தெரியவும் கூடாது. அவர்கள் பஸ் ஏறாத சைக்கிள்காரர்கள் என்பது தெய்வச் செயல்.

சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்கும் கணேசமூர்த்தியும் கபீரும் விடுமுறையில் வந்து வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். மனநோயும் காய்ச்சல் மாதிரி ஒரு நோய்தான், வெட்கப்படாமல் பேசுங்கள் என்றார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நாற்பது பேருக்கும் மனம் நன்றாகத்தான் இருந்தது; முழங்கால்தான் வலித்தது.

கணேசமூர்த்தி சளைக்கவில்லை. "உங்களைப் பத்தி வேணாம். கூட்டாளி ஒருத்தருக்குன்னு வச்சுப் பேசுங்க."

சேதுராமன் எழுந்தார். "எனக்கு ஒரு கூட்டாளி. பஸ்ஸுக்கு அடியில மூணு தடவை பார்ப்பாரு."

சபை கண்ணியமாகக் கூரையைப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பூங்காவனம் மட்டும், "அந்தக் கூட்டாளிகிட்ட ரெண்டு தடவை போதும்னு சொல்லுங்க தம்பி. பசாருக்குப் போறதுக்குள்ள மீனெல்லாம் முடிஞ்சு போவுது," என்றாள்.

கலையும்போது கபீர் அருகில் வந்தான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை ரம்பாய்ல நம்ம வீட்டுக்கு வாங்க. கூட்டாளியையும் கூட்டிட்டு வாங்க."

ஞாயிறன்று வெள்ளைச் சட்டையில் கிளம்பியவரைப் பூங்காவனம் மறித்தாள். "லீவுல எங்கே?"

"ரம்பாய்க்கு. டாக்டர் பையனைப் பார்க்க."

டாக்டர் என்ற சொல் பக்கத்தில் வந்துவிட்டால் ரம்பாய் ரம்புத்தானாகிவிடும். தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பது மலாயாவில் சிறுபிள்ளைக்கும் தெரியும். மனத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கெஞ்சியபோது வாய் திறக்காத ஊர், அடுத்தவன் மனம் என்றதும் இரண்டே நாளில் திறந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் பொன்னுதுரை நின்றார், சைக்கிள் இல்லாமல்.

"தம்பி, ரம்புத்தானுக்கா போனீங்க?"

"ரம்பாய், மாமா."

பொன்னுதுரையின் முகம் மலர்ந்தது. "நானும் அதான் வீட்டுல சொன்னேன்!"

அங்கேயே நிறுத்தியிருந்தால் கல்யாணத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் கபீரிடம் மூன்று மணி நேரம் பேசிப் பழகிய வாய் நிற்கவில்லை.

"அந்தப் பையன்கிட்ட பேசத்தான் போனேன். கூட்டாளிக்கு இல்ல மாமா, எனக்குத்தான்." கிழவர், செருப்பு, தூக்கம், எல்லாவற்றையும் கொட்டினார். "சிங்கப்பூர்ல பெரிய டாக்டரைக் காட்டுறேன்னிருக்கான். போகப் போறேன். சாரதாகிட்ட சொல்லிடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

பொன்னுதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரு கூட்டாளி இருக்காரு. கடையைப் பூட்டிட்டு, நாலு தடவை திரும்பிப் போயி பூட்டை இழுத்துப் பார்ப்பாரு. வீட்டுல யாருக்கும் தெரியாது."

"அவரையும் கூட்டிட்டு வாங்க மாமா. சேர்ந்தே போவோம்."

டிரைவர் ஹாரன் அடித்தார். சேதுராமன் ஒரு தடவை குனிந்தார். இரண்டாம் தடவையும் குனிந்தார். மூன்றாவதற்கு முழங்காலை மடக்கியபோது, பஸ்ஸுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை தரையோடு தரையாகத் தெரிந்தது.

"நான் பார்த்துட்டேன், ஒண்ணுமில்ல," என்றார் பொன்னுதுரை. "ஏறுங்க மாப்ள!"