வெயிலுக்கு ஓர் இடம்

சோலார் பேனலை விற்பது சுலபம். அதை மாட்ட இடம் பிடிப்பதுதான் தொழில். என்னைப் போல மாடி மாடியாக ஏறி இறங்கிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு விடுகதை: கூப்பிடாமலே தினமும் வருவார், வந்தால் உட்கார இடம் இருக்காது. யார்? வேறு யார், எங்கள் வியாசர்பாடி வெயில்தான்.

மொட்டை மாடி

மாரி, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். அரசு வீட்டு வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், கண்ணாடித் தொட்டிகளில் தங்கமீன் வளர்த்து விற்கவும் செய்தார். தினமும் மின்வெட்டு இருந்த காலம். கரண்ட் போனால் தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டார் நின்றுவிடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு தொட்டி மீன் முழுக்கச் செத்து மிதந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மிச்சம் மூன்று தொட்டி.

மொட்டை மாடிக்கு ஏறினோம். ஒரு மூலையில் வடகம், மறுமூலையில் கருவாடு, நடுவில் கேரம் போர்டு. குடியிருப்புச் சங்கத் தலைவர் காயை அடித்துவிட்டுச் சொன்னார்: "இது அல்லாருக்கும் சொந்தம் சார். அதனால ஒருத்தருக்கும் கெடையாது."

ஜன்னலுக்கு மேலே

மாரி வீட்டு ஜன்னலின் சன்ஷேடு உடைந்து கிடந்தது. அந்த இடத்தில் பேனலையே சன்ஷேடாகப் பொருத்தினேன். இரண்டே நாளில், பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று புகார். போய் நிமிர்ந்து பார்த்தால், மூன்றாம் மாடி சரசக்காவின் ஈரச்சேலை பேனலை முழுதாகப் போர்த்தியிருந்தது. வெயிலை மறைக்கிறதே அக்கா என்றேன்.

"வெயிலு மேலேர்ந்துதான நைனா வருது? மொதல்ல என் வூடு. மிச்சம் இருந்தா கீய போவும்!"

பால்கனிக் கம்பி

அடுத்து பால்கனி. கம்பியோடு கம்பியாக, சுவர்போலப் பேனலைப் பதித்துவிடலாம். அங்கே சேலை எட்டாது. மின்வெட்டு நேரம் முழுக்க மோட்டார் ஓடும். ஆனால் நகரத்தில் காலியிடம் என்பது, அங்கே உட்கார்ந்திருப்பவரை நாம் இன்னும் பார்க்காத இடம்.

உட்கார்ந்திருந்தது மாரியின் மகள் காவேரி, மூன்றாம் வகுப்பு. கம்பியில் நெற்றியை வைத்து, எதிர் மைதானத்தில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேனல் வந்தால் மைதானம் தெரியாது.

மாரி தலையைச் சொறிந்தார். "டெய்லி மேட்ச் பாத்துகினு கீறா. மீனுக்குத் தீனி போடறதும் அவதான். நீயே கேளு சார்."

நடக்கப்போவதை மறைக்காமல் சொன்னேன். அவள் தொட்டிகளைப் பார்த்தாள்.

"வேற எடமே இல்லியா?"

"இல்லம்மா."

"கரண்ட்டு போனா மேட்ச்சு நிக்குமா?"

"நிக்காது."

காவேரி கம்பியைக் காட்டி, இங்கேயே மாட்டச் சொன்னாள். பிறகு மிச்ச ஆட்டத்தைப் பார்க்கக் கீழே மைதானத்துக்கே இறங்கிப் போனாள்.