வெர்னெல் அக்கா ஜூரியில் உட்கார்ந்த கதை

வெர்னெல் டக்கெட் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் சோளரொட்டி சுட்டவள். பொய் சொல்ல வராது, அதனால் சிநேகிதம் குறைவு. அலபாமாவின் இந்த மூலையில் பெண்களுக்குத் தலைமுடி சீர் செய்கிற கடை என்னுடையது. ஜூரிக்கு வரச்சொல்லிக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால், முந்தின நாள் சாயங்காலம் அவள் என் நாற்காலியில் வந்து உட்காருவாள். நான் இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சி அவள் சுருட்டை முடியை நேராக நீவி விடுவேன்.

நாற்பது பேரைக் கூப்பிடுவார்கள். இரண்டு பக்க வக்கீல்களும் வேண்டாத பெயர்களை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே வருவார்கள். மிஞ்சுகிற பன்னிரண்டு பேர்தான் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற ஜூரி. ஊரில் பாதிப்பேர் கறுப்பர்கள், ஆனால் மிஞ்சுகிறவர்கள் எல்லாம் வெள்ளையர்கள். முன்பெல்லாம் எங்கள் பெயர்களைக் காரணம் சொல்லாமல் அடித்தார்கள். பிறகு சட்டம் மாறியது, கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டும் என்றானது. அக்காவுக்கு வினை அங்கேதான் பிடித்தது.

முதல் தடவை, "முறைத்துப் பார்க்கிறார்" என்று அரசு வக்கீல் அவள் பெயரை அடித்தார். அடுத்த தடவை தரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். "முகம் கொடுத்துப் பேசவில்லை" என்றார். மூன்றாம் தடவை முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். தொப்பி போட்டிருந்தது தப்பாகிவிட்டது. அந்த மூன்று வழக்கிலும் கூண்டில் நின்றவர்கள் எங்கள் பையன்கள். மூன்று பேரும் உள்ளே போனார்கள். நாலு டயர் திருடினவனுக்கு இருபது வருஷம்.

"தொப்பி வேணாம்டி இந்தவாட்டி," என்றாள் நாலாம் தடவை.

"நீ சம்மனசாவே போய் நின்னாலும் சிறகு மறைக்குதும்பான். உனக்கு எத்தனைதரம் பட்டாலும் புத்தி வராதாக்கா?"

"காரணம் சொல்றாங்கல்ல? உப்பு பத்தலைன்னு பிள்ளைங்க சொன்னா போடுறேன்ல, அது மாதிரி திருத்திக்கிட்டாப் போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சீப்பு அவள் காதைச் சுட்டுவிட்டது. 

அந்த நாலாவது, லமார் பிக்ஸ் வழக்கு. கோழி வெட்டும் ஆலையில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். முகமூடி அங்கி போட்டு, சிலுவை கொளுத்தி, வெள்ளை இனம் வாழ்க என்று கூவுகிற கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பேர் அவனைச் சங்கிலியால் அடித்தே கொன்றார்கள். அவன் தொப்பி அவர்கள் வண்டியில் கிடைத்தது. அவர்களில் ஒருவன் சாராயக் கடையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லிக்காட்டவும் செய்தான். லமாருடைய அம்மா டெல்ஃபினுக்கு அவன் ஒரே பிள்ளை.

அந்த வழக்கில்தான் வெர்னெல் அக்கா கூண்டு மாதிரி அடைத்த ஜூரி வரிசையில் போய் உட்கார்ந்தாள். கறுப்பு முகம் அவள் ஒருத்திதான். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் விடுதலை செய்ய முடியும், ஒருத்தர் மறுத்தாலும் முடியாது என்று பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை விளக்கினார். "நம்ம ஆளு ஒண்ணு உள்ள இருக்கு, அது போதும்," என்றார்கள். நியாயம் கேட்டு ஊர்வலம் போகக் கிளம்பிய பையன்களைப் பெரியவர்கள் அதைச் சொல்லித்தான் உட்கார வைத்தார்கள்.

வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று நீதிபதி சொன்னார். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எதிரே டெல்ஃபின் வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போனாள். என் கடையில் 'உம்' கொட்டக்கூட யோசித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஒன்பது நாள் இப்படியே போனது.

ஒன்பதாம் நாள் மதியம் வாதம் முடிந்தது. ஜூரி தனியறைக்குப் போக எழுந்தபோது நீதிபதி, "மிசஸ் டக்கெட், நீங்கள் மாற்று ஆள். பன்னிரண்டு பேரும் நலமாக இருப்பதால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். நன்றி," என்றார்.

கடைசியாக அடிக்கப்பட்ட பெயர் அவளுடையது. யாராவது சீக்கில் விழுந்தால் இட்டு நிரப்பக் கடைசியாகப் பெயர் அடிபட்டவரைப் பதின்மூன்றாவதாக உட்கார வைப்பது இங்கே வழக்கம். நீதிபதிக்குத் தெரியும், வக்கீல்களுக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை; வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவும் இல்லை. காவலர் அவளைப் பின்வாசல் வழியாக வெளியே விட்டார். முக்கால் மணி நேரத்தில் அந்த இரண்டு பேரும் விடுதலையாகிச் சிரித்துக்கொண்டே முன்வாசல் வழியாக வந்தார்கள்.

அவர்களுடைய வக்கீல் தொலைக்காட்சியில், "ஒன்பது நாளும் அந்தப் பையனுடைய இனத்துப் பெண்மணியே ஜூரியோடு உட்கார்ந்து கேட்டாரே, பார்த்தீர்கள் அல்லவா?" என்றார். பொய் என்று ஒரு வார்த்தையையும் பிடிக்க முடியாது. மறுநாள் பத்திரிகையில் ஜூரி வரிசையாகக் கோர்ட்டுக்குள் நுழைகிற பழைய படத்தைப் போட்டார்கள். முதலில் நடந்தவள் அக்கா. முடி நான் நீவி விட்டது, படத்தில் அழகாக இருந்தது. அன்றைக்கே அவள் வீட்டுச் சுவரில் யாரோ தக்காளி எறிந்தார்கள். எறிந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

இரண்டு வாரம் கழித்து அவள் என் நாற்காலியில் இருந்தபோது டெல்ஃபின் உள்ளே வந்தாள். 

"ஒரு ஆளு மாட்டேன்னு சொல்லியிருந்தாப் போதுமே வெர்னெல். நீயும் தலையாட்டினியா?"

"என்னை அந்த ரூமுக்குள்ளயே விடலை தாயி." நடந்ததை அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். "சத்தியமா எனக்கே தெரியாது."

 நான் டெல்ஃபினுக்கு ஒரு முக்காலியை நகர்த்தினேன், அவள் உட்காரவில்லை.

"நம்புறேன்," என்றாள். "உனக்குப் பொய் வராது, ஊருக்கே தெரியும். ஆனா ஒன்பது நாளும் நான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் அங்க உக்காந்திருந்தேன். என் பிள்ளைய அவனுங்க குடிகாரன்னாங்க, திருடன்னாங்க. நீ உள்ள இருக்கேன்னுதான் நான் வாயத் தொறக்காம கேட்டுக்கிட்டிருந்தேன். நீ இல்லைன்னு தெரிஞ்சிருந்தா கோர்ட்டு இடியுற மாதிரி கத்தியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் போனாள். அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள். ஒரு பக்க முடிதான் நீவியிருந்தேன், மறுபக்கம் சுருட்டையாக அப்படியே இருந்தது. அந்தத் தலையோடு நட்ட நடுத்தெருவில் வீட்டுக்கு நடந்து போனாள். மீதியை முடித்துக்கொள்ள அவள் வரவே இல்லை.