வெள்ளறடை இறக்கத்தில் வெண்ணெய்

புதன்கிழமை, காலை 10.40. பாறசாலை நிலையத்தில் ரயில் நின்றபோது ஐப்பசி வெயில் சுள்ளென்று அடித்தது. கடைசிப் பெட்டியில் சரக்காக ஏற்றி வந்த என் சைக்கிளுக்குக் கட்டணம் தொண்ணூறு ரூபாய். அதை இறக்கித் தந்த கார்டு, வளைந்த கைப்பிடியையும் என் நெற்றித் திருமண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயது என்ன என்று மலையாளத்தில் கேட்டார். அறுபத்தெட்டு என்றேன்.

வந்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணியின் கீழ்க்கரையில் வாழ்கிறவன் நான். சனிக்கிழமைதோறும் அங்குள்ள ஒன்பது திருப்பதிகளையும் இந்தச் சைக்கிளிலேயே சேவித்து வருவது பதினோரு ஆண்டு வழக்கம். எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்லத்தக்கது ஆற்றுப்பாலம் ஒன்றுதான். வரும் கார்த்திகையில் மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றையும் சைக்கிளில் சேவிப்பது என்று தீர்மானித்தேன். பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட என் மகள் கோதை தொலைபேசியில் ஒரு நிபந்தனை விதித்தாள். இந்த நாட்டு மழையில், இந்த நாட்டு இறக்கத்தில், தன் மாமனார் காட்டும் இடத்தில் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். நின்றால் சைக்கிள், நிற்காவிட்டால் ரயில்.

"அங்கப்பிரதட்சிணம் கோயிலுக்குள்ள பண்ணுங்கப்பா, ரோட்டுல வேண்டாம்" என்றாள்.

அவளுடைய மாமனார், என் சம்பந்தி சுகுமாரன், அரசுப் பேருந்தில் முப்பத்தொரு ஆண்டு ஓட்டுநராக இருந்தவர். பெரும்பகுதி வெள்ளறடைத் தடத்தில். ஓய்வுக்குப் பின் அவரும் ரோடு சைக்கிள் வாங்கியிருக்கிறார். என்னுடையது ரிம் பிரேக். சக்கரத்தின் விளிம்பை இரண்டு ரப்பர்க் கட்டைகள் கவ்வி நிறுத்தும். அவருடையது டிஸ்க் பிரேக். சக்கரத்தின் அச்சருகே மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று சுழல, அதைக் கவ்வி நிறுத்தும். என் சட்டத்தில் அத்தகைய தட்டைப் பொருத்த இடமே கிடையாது. ஆகவே டிஸ்க் வேண்டுமானால் பழைய சைக்கிளையே விட்டுப் பிரிய வேண்டும். பிரியாமல் முடியும் என்று நிறுவவே நான் வந்திருந்தேன்.

பகல் 2.00. இருவரும் புறப்பட்டோம். கொல்லயில் என்ற ஊரின் தென்னந்தோப்புகளும் இடையிடையே வயல்களும் கடந்ததும் சாலை ஏறி ஏறி இறங்கத் தொடங்கியது. ரப்பர் மரங்கள் இருபுறமும் வந்து சூழ்ந்தன. என் மீட்டரில் பதின்மூன்று கிலோமீட்டர் காட்டிய இடத்தில், வெள்ளறடைக்குச் சற்று முன்பாக, சம்பந்தி நிறுத்தச் சொன்னார். நீண்ட இறக்கம். அடியில் பேருந்து நிழற்குடை. அதற்கு நாற்பது தப்படி முன்பாக ஒரு மின்கம்பம். கம்பத்தருகே பிரேக் பிடிக்கத் தொடங்கி, நிழற்குடையைத் தாண்டாமல் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பேருந்து ஓட்டிய காலத்தில் அவர் கால் வைத்த இடமும் அந்தக் கம்பம்தானாம்.

3.10. இந்தப் பருவத்து மழை நேரம் தவறுவதில்லை. மழையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிரேக் பிடிக்க இயலாது; எனவே நான் விருத்தத்தால் அளந்தேன். மிதிக்கும்போது பாசுரம் சொல்வது என் பழக்கம். ஓரடிக்கு ஆறு சீர். கம்பத்தருகே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஓரடியைத் தொடங்கினேன். முதற்சீர், இரண்டாம் சீர், மூன்றாம் சீர். சக்கரத்தின் விளிம்பில் நீர் இருந்ததே தவிரப் பிடிப்பு இல்லை. ஆறாம் சீரில்தான் கட்டைகள் நீரை வழித்து முடித்து உலோகத்தைத் தொட்டன. நான் நின்றபோது நிழற்குடை எனக்குப் பின்னால் பதினொரு தப்படி தள்ளியிருந்தது. பேருந்துக்குக் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சம்மந்தி, பஸ் ஸ்டாப்பு பின்னால கெடக்கு. ஆளு எறங்கணும்னா திரும்பி நடக்கணுமாக்கும்" என்றார் சுகுமாரன்.

மீண்டும் மூன்று முறை ஏறி இறங்கினேன். ஒன்பது தப்படி, பத்து, பன்னிரண்டு.

வியாழக்கிழமை, காலை 7.30. கஞ்சியும் பயறும் பரிமாறிய சம்பந்தியம்மாள், "சம்மந்தி போதுமா, இன்னும் கொறச்சு வேணுமா?" என்று கேட்டார். நான் சுகுமாரனைப் பார்த்தேன். தேங்காய்த் துவையலுக்கும் இங்கே அதே பெயர் என்பது எனக்குத் தெரியாது. "நேத்து மழையில என்னை அரைச்சது போதாதோ?" என்றார் அவர்.

9.00. சைக்கிள்களை மாற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரை புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர். ஊர்க் கோயிலில் கண்ணன் இரு கைகளிலும் வெண்ணெய் ஏந்திய குழந்தையாக நிற்கிறான். திருக்கைவெண்ணெய் என்று இலைத்துண்டில் ஓர் உருண்டை தருகிறார்கள். மாலையில் ஆகட்டும் என்று அதைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஜெபசிங்கின் சைக்கிள் கடை. பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். ரிம் பிரேக்கின் பெருமையை நான் முழுமையாக எடுத்துரைத்தேன். எடை குறைவு. கட்டை தேய்ந்ததைக் கண்ணாலேயே காணலாம். எந்த வழியோரக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். அவர் அனைத்தையும் ஒப்புக்கொண்டார். பிறகு என் சக்கரத்தின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் ஒரு பள்ளத்தில் இறங்கிற்று.

"செம்மண்ணாக்கும், அண்ணாச்சி. மழையில கட்டைக்குள்ள ஏறி உக்காந்து ரிம்மை அரம் போட்ட மாதிரி தின்னும். டிஸ்க்குன்னா தட்டு தேயும்; தட்டை மாத்தலாம். இதில தேயுதது சக்கரமே."

மலைநாட்டுச் செம்மண்ணை ஒரே ஒரு பிற்பகல் கண்ட சக்கரம் அது. பள்ளம் பதினோரு ஆண்டுகளில் விழுந்தது, நேற்று ஆழப்பட்டது. என் வாதங்களில் பாதி அந்த நகத்தடியிலேயே கழிந்தது.

பிற்பகல் 3.20. இறக்கத்தின் மேல் சம்பந்தியின் டிஸ்க் சைக்கிளுடன் நான் தனியே நின்றேன்; சம்பந்தி அடியில் நிழற்குடையருகே. தூறல் தொடங்கியிருந்தது. துணிவு வேண்டிப் பையிலிருந்து இலையைப் பிரித்து, வெண்ணெயில் ஒரு விள்ளல் வாயிலிட்டேன். குனிந்தபோது முன்சக்கரத் தட்டு கண்ணில் பட்டது. மெல்லியது, வட்டமானது, மழைத்துளிகளுடன் ஒளிர்வது. எம்பெருமான் வலக்கையில் ஏந்திய ஆழி நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒருமுறை போதாமல் தட்டைச் சுற்றிலும் தடவி ஒற்றிக்கொண்டேன். பிறகு இறங்கினேன்.

கம்பம் வந்தது, பிடித்தேன். முதற்சீருக்குள் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட பிரேக் ஆட்டுக்குட்டியைப் போலக் கத்தியதே தவிரப் பிடிக்கவில்லை. ஆறு சீர் முடிந்து மறு அடி தொடங்கிற்று. பின்பிரேக்கை இறுக்கினேன்; பின்சக்கரம் வழுக்கியது. நிழற்குடை கடந்தது. எதிரே ஓர் ஆட்டோ சந்திலிருந்து மூக்கை நீட்டியது. இடப்புறம் மரவள்ளித் தோட்டம். இங்கே அதை மரச்சீனி என்கிறார்கள். அதற்குள் போய் விழுந்தேன். முழங்கால் தோல் பெயர்ந்தது, எலும்பு தப்பியது.

சுகுமாரன் ஓடி வந்து என்னைத் தூக்கினார். அவர் முகத்தில் கேலி இல்லை. "எனக்க வண்டியாக்கும். நான் செரியாப் பாக்காமத் தந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முப்பத்தொரு ஆண்டில் ஒரு பயணியையும் விழவிடாதவர். வீட்டில் மருமகளிடமும் தாமாகவே முன்சென்று, தவறு தம்முடையது, தட்டுப் பிரேக்கை இனி நம்புவதற்கில்லை என்றார். கோதை என் முழங்காலுக்கு மருந்திட்டாள். "ரயில்ல போங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். ரிம்மும் நிற்கவில்லை, டிஸ்க்கும் நிற்கவில்லை. ஆயினும் இன்னும் ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் ரயிலைப் பற்றிப் பேசுவது என்று நான் மறுமொழி கூறினேன்.

வெள்ளிக்கிழமை, காலை 10.00. ஜெபசிங் சம்பந்தியின் சைக்கிளிலிருந்து முன்பிரேக்கில் தட்டைக் கவ்வும் பேடுகளைக் கழற்றினார், விரலால் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், மீண்டும் ஒருமுறை முகர்ந்தார்.

"இதில ஆரு வெண்ணெ தேச்சது?"

சுகுமாரன் விழித்தார். இரவெல்லாம் தம்மையே நொந்துகொண்டிருந்த மனிதர். என் வலக்கை விரல்கள் வேட்டி மடிப்புக்குள் தாமாகவே ஒளிந்துகொண்டதை நான் உணர்ந்தேன். மறைத்தால் மானம் தப்பும். பழி அவர் தலையில் நிற்கும். இலையைப் பிரித்ததிலிருந்து கண்ணில் ஒற்றிக்கொண்டது வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

சுகுமாரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஸ்டூலில் அமர்ந்துவிட்டார்.

"வெண்ணெ தின்னது கண்ணன், விழுந்தது சம்மந்தி. பழி எனக்கு. நல்ல நியாயமாக்கும்."

ஜெபசிங் சிரிக்கவில்லை. தட்டை ஸ்பிரிட்டால் இருமுறை துடைத்தார். வெண்ணெய் ஊறிய பேடு இனி உதவாது என்று குப்பையிலிட்டுப் புதியது பூட்டினார்; நானூற்று எண்பது ரூபாய். அதை நான் கொடுத்தேன். இந்தப் பிரேக்கின் குழாய்க்குள் ஓடுவதும் எண்ணெய்தான் என்று கேட்டு வியந்தேன். "எண்ணெ உள்ள கெடக்கணும், அண்ணாச்சி, தட்டுல படப்பிடாது. விரல் ஈரம்கூட ஆகாது. கும்பிடணும்னா தள்ளி நின்னு கும்பிடுங்க" என்றார். புதுப் பேடு தட்டோடு பழக, வேகமெடுத்து நிறுத்தி, வேகமெடுத்து நிறுத்தி, இருபது முறையாவது பிடிக்க வேண்டுமாம். கொல்லயில் வயலோரச் சாலையில் முப்பது முறை பிடித்தேன். முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் எரிந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, ஏதோ வழி தவறியவன் என்று எண்ணி, வெள்ளறடைக்கு நேரே போகச் சொன்னார்கள்.

3.15. இம்முறை நிழற்குடையில் குடையுடன் கோதையும் நின்றாள். மழை வலுத்திருந்தது, செம்மண் நீர் சாலையைக் குறுக்கே கடந்து ஓடியது. மேலே நான் என் இரு கைகளையும் கைப்பிடியிலேயே வைத்துக்கொண்டேன். இறங்கினேன். கம்பம். பிடித்தேன். முதற்சீரில் ஒரு சிறு கிரீச்சொலி. இரண்டாம் சீரில் தட்டு கவ்வப்பட்டது. ஐந்தாம் சீரில் கால் ஊன்றினேன். அடி முடியவில்லை, சைக்கிள் நின்றுவிட்டது. நிழற்குடைக்கு ஒன்பது தப்படி மிச்சம். சுகுமாரன் மேலே கைகாட்டினார். மறுபடி ஏறினேன். மூன்று முறையும் நிழற்குடை எனக்கு முன்னாலேயே இருந்தது.

கோதை வந்து முதலில் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். "எப்பப்பா கெளம்புதீங்க?" என்றாள்.

சனிக்கிழமை, காலை. என் பழைய சைக்கிளுக்குப் பதினெட்டாயிரம் கழித்துக்கொண்டு ஜெபசிங் டிஸ்க் பிரேக் வைத்த ஒன்றைத் தந்தார். ஒன்றரைக் கிலோ கூடுதல் எடை. வழியில் கிடைக்காது என்பதால் இரண்டு இணைப் பேடுகளும் உடன் வாங்கினேன். கடையை விட்டு வரும்போது பழையதன் இருக்கையைத் தட்டிக்கொடுத்தேன். நிற்க வேண்டிய தேவையே இல்லாத சமவெளியில் பதினோரு ஆண்டு அது எனக்குக் குறை வைத்ததில்லை. ஆனால் நான் போகவேண்டிய பதின்மூன்று ஊர்களும் சமவெளியில் இல்லை. கார்த்திகை முதல் வாரம் புறப்பாடு. திருவனந்தபுரம் வரை சுகுமாரனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோதை கைப்பிடியில் ஒரு சிறு துண்டைக் கட்டியிருந்தாள், கை துடைக்க.

மாலை 4.05. பாறசாலை நடைமேடையில், ஊர் திரும்பும் ரயிலில் கடைசிப் பெட்டியின் கதவு திறந்தது. இது வேறொரு கார்டு. சைக்கிளைத் தூக்க முன்சக்கரத் தட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனார். "அதைத் தொட வேண்டாம், ஐயா, சட்டத்தைப் பிடியுங்கள்" என்றேன்.

"சாமி வண்டியோ?" என்று சிரித்தார்.

எங்கள் ஊர்க் கோயில்களில் நான் இத்தனை ஆண்டும் கருவறைப் படிக்கு இப்பால் நின்றே சேவித்திருக்கிறேன். அருளில் ஒருநாளும் குறை கண்டதில்லை. கார்டுக்கு மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. வண்டி உள்ளே ஏறும் வரை ஒரு முழம் தள்ளி நின்று கைகூப்பினேன்.