வாடைப் பக்கம் திரும்பிய பைக்

ராமேசுவரத்திலிருந்து பாம்பன் போகும் சாலையில் தினமும் அந்த வழியில் வரும் மீன்காரர் ஒருவர் என் பைக்குக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். உப்பில் வெளுத்த சட்டை, பைக்கின் பின்னால் மீன் பெட்டி. புதிதாக மாட்டிய எல்.இ.டி இண்டிகேட்டர்கள் எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் சேர்ந்தே மின்னின. அதனால் திரும்பும்போதெல்லாம் கடலில் பக்கத்துப் படகைக் கூப்பிடும் குரலில் சத்தம் போடுவார்.

“வாடைப் பக்கம் போறேன்!”

வாடை வடக்கிலிருந்து வீசும் காற்று என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் வலப்பக்கம் திரும்பிவிட்டார். முந்தப்போன நான் பிரேக்கை அழுத்தி மணலில் சாய்ந்தேன்.

“காத்து தெரியாதவனுக்கு எதுக்குலே பைக்கு?” என்று திரும்பி வந்து தூக்கிவிட்டார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

“மீட்டர் பல்பு வயர்ல, கரண்ட ஒரே பக்கமா விடுற டயோடு போட்டா இண்டிகேட்டர் சரியாயிரும்ணே. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்றேன்.

மறுவாரம் அதே திருப்பத்தில் அவரைப் பார்த்தேன். வலப்பக்க விளக்கு மட்டும் அழகாக மின்னியது. அவர் வாயே திறக்கவில்லை. பின்னால் வந்த ஆட்டோவும் நானும் அப்படியே நின்றோம்.

“அதான் லைட்டு எரியுதுல்ல, போங்கப்பா” என்றார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே” என்றார் ஆட்டோக்காரர்.

அவர் கூவிய பிறகுதான் நாங்கள் நகர்ந்தோம்.