இரண்டாம் பரிசு

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தலைநகர்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். இஸ்திரி உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். எதிர்முனையில் யார் நின்றாலும் மடிப்பு முடிவதற்குள் ஒரு கேள்வி வந்து விழும். "மங்கோலியாவுக்குத் தலைநகர் எது?" "ரெண்டு கண்டத்துலயும் கால் வெச்சிருக்கற ஊர் எது?" தெரியாது என்றால் 'ச்சு' கொட்டுவார். அதற்குப் பேசாமல் ஓர் அறை விட்டிருக்கலாம். வீட்டிலும் அதே கூத்துதான். மகளுக்கு 'மண்டு' என்று பட்டம். மனைவியிடம் கேட்பதையே விட்டுவிட்டார், வீண் வேலையாம்.

பெரும்பாலும் எதிர்முனையில் நிற்பவன் மனைவியின் தம்பி. அவனை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். ஒருமுறை வேன் டிரைவர் இடம் காலியானது. மைத்துனன் தலையைப் படிய வாரிக்கொண்டு, லைசென்ஸோடு மேனேஜர் முன்னால் போய் நின்றான். பக்கத்தில் இருந்த தலைநகர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இவனா சார்? நைல் நதி எந்தக் கடல்ல சேருதுன்னு கேட்டா, 'எல்லா நதியும் கடல்லதான சேரும் அத்தான்'னு சொல்றவன். ஓட்டலுக்கு அனுப்பினா தென்துருவத்துல போய் துணியை இறக்கிட்டு வருவான்."

மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த இடம் வேறொருவனுக்குப் போனது. தலைநகருக்கு அது சாயங்காலமே மறந்துவிட்டது. மைத்துனனுக்கு மறக்கவில்லை.

அழுக்குத் துணி பிரிக்கும் அக்காவுக்கு ரேடியோவில் பேசுகிறவர்களைப் போன்ற குரல். ஒருநாள் மத்தியானம், தலைநகர் உருளைக்குப் பக்கத்தில் நிற்கும்போது, மைத்துனன் சொல்லிக்கொடுத்தபடி அவள் கிடங்கிலிருந்து அவருக்குப் போன் போட்டாள். "வணக்கம். தொலைக்காட்சி நிலையத்துல இருந்து பேசறோம். எங்க பொது அறிவுப் போட்டிக்கு உங்களைத் தேர்வு செஞ்சிருக்கோம். உங்க பகுதி, உலக புவியியல்."

அவர் கையில் பிடித்திருந்த விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. அவருடைய இத்தனை வருட வேலையில் அப்படி விழுந்ததே இல்லை.

சலவைக்கூடம் முழுவதும் விஷயம் தெரியும். மேனேஜர் சிரிக்காமல் லீவு கொடுத்தார். ஓட்டல் விருந்தாளி ஒருவருடைய கோட்டு தேய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாளைக்குத்தானே என்று அதை எடுத்து மைத்துனனே அத்தானுக்கு மாட்டிவிட்டான். தோளைத் தட்டி நீவிவிட்டான். தன் சொந்த அக்காவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவள் கணவரின் சட்டைக் காலரை இரண்டு தடவை தேய்த்து, "பதட்டப்படாம சொல்லுங்க" என்று வழியனுப்பினாள்.

தொலைக்காட்சி நிலைய வாசலில் காவலாளி பெயர்ப்பட்டியலைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். உள்ளே வரவேற்பில் இருந்த பெண் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு, "போட்டி நடக்குது. ஆனா உங்களை யாரும் கூப்பிடலையே சார். யாரோ விளையாடியிருக்காங்க" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். யார் விளையாடினார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்றுதான் யோசித்தார். ஜெயித்ததாகச் சொன்னால் கோப்பையைக் கேட்பார்கள். முதல் சுற்றிலேயே தோற்றதாகச் சொல்ல நாக்கு எழாது. எந்தக் கேள்வியில் தோற்பது? மண்டையைக் குடைந்து பார்த்தார். தெரியாத கேள்வி ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில், பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடக்கும் ஆறு எது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். காங்கோ. அதை அமேசான் என்று சொல்லித் தோற்றதாக வைத்துக்கொண்டார். ஒரு பேச்சுக்குக்கூட அப்படிச் சொல்ல அவருக்கு வயிறு எரிந்தது.

"ரெண்டாவதா வந்தேன்" என்றார் வீட்டு வாசலில்.

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தொங்கிய முகத்தோடு வருவார், வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று காத்திருந்தது சலவைக்கூடம். அவரோ நிமிர்ந்து நடந்து வந்தார். இது அவர்கள் எதிர்பார்க்காத விருந்து. சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். என்ன விளக்கு, எவ்வளவு கூட்டம், பக்கத்தில் யார்? ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் வைத்திருந்தார்.

"காங்கோவைப் போய் அமேசான்னா சொன்னீங்க? ஐயையோ!" என்றான் மைத்துனன்.

"விளக்கு வெளிச்சத்துல ஒரு நிமிஷம் தடுமாறிட்டேன்டா."

துணி பிரிக்கும் அக்கா தலையணை உறையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மைத்துனன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "டிவியில எப்ப வரும் அத்தான்?"

"வரும்... அடுத்த மாசக் கடைசியில."

"அப்ப எல்லாரும் உங்க வீட்டுலதான் பாக்கறோம்."

ஒளிபரப்பு அன்று வீடு கொள்ளவில்லை. மனைவி அக்கம்பக்கத்தில் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். மகள் பள்ளித் தோழிகளைக் கூட்டி வந்திருந்தாள். நிகழ்ச்சி ஆரம்பித்தது. யார் யாரோ வந்தார்கள், பதில் சொன்னார்கள், போனார்கள். தலைநகர் கதவோரம் நின்றார். வேர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது. "வெட்டிட்டாங்க போல" என்றார்.

மைத்துனன் கண்ணைக் காட்டினான். துணி பிரிக்கும் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம். தொலைக்காட்சி நிலையத்துல இருந்து பேசறோம்" என்றாள்.

வீடே அதிர்ந்தது. மேனேஜர் நாற்காலியோடு சாய்ந்தார். கூட்டத்தில் வந்த தோழிகளுக்கு விஷயம் புரியாவிட்டாலும் சேர்ந்து சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, எழுந்து உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மனைவி தன் தம்பியை அடிக்கப் போவாள் என்றுதான் தலைநகர் நினைத்தார். அவளோ அவன் பக்கமே திரும்பவில்லை. "அவங்க விளையாட்டுக்குச் செஞ்சாங்க. நீங்க என்கிட்ட ஒரு மாசம் பொய் சொல்லியிருக்கீங்க. நான் தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"போதும்."

அவள் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாள்.

அவர் வேலையை விடவில்லை. அந்த வயதில் வேறு எங்கே போவது? அதே உருளை, எதிர்முனையில் அதே மைத்துனன். இப்போது கேள்வி அங்கிருந்துதான் வரும். "அத்தான், காங்கோவா அமேசானா?" அவர் முனையை மடித்துக் கொடுப்பார்.

சில மாதம் கழித்து விரிப்போடு சேர்த்து உருளை அவர் வலதுகையை இழுத்துவிட்டது. மைத்துனன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். கட்டோடு வீட்டுக்கு வந்து, டாக்டர் ஆறு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்று சொன்னதாகச் சொன்னார். மனைவி கட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள்.

"ஏன்டா, இவர் ஆறு வாரம்னு சொல்றாரு. நிஜமா?"

எதிர்முனையில் தம்பி அவசரப்படவில்லை. "டாக்டர் எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலையேக்கா" என்றான்.




திங்கட்கிழமை காலை அவள் அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கட்டி மேசைமேல் வைத்தாள். அவர் இடதுகையால் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.