கரியப்பன் சந்தேகப்படாத பாகம்

சன்னல் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் கரியப்பன் கணினியின் வயிற்றுக்குள் கையை விடுவார். உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் கம்பி வழியாக இறங்கிவிட வேண்டுமாம். எதிர்வீட்டுக் கௌரம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. தன்னைப் பார்க்கத்தான் பெரியவர் சன்னலுக்கு வருகிறார் என்று நினைத்து, "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பார். "ஆய்த்தம்மா" என்பார் இவர், இன்னும் பல்லே விளக்கியிருக்க மாட்டார்.

விஜயநகர் வீட்டின் கூடத்து மூலையில் இருக்கும் அந்தக் கணினி, நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்ஸ் பார்த்த காலத்தில் அவருடைய மேசையில் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று சால்வையோடு அதையும் கொடுத்தனுப்பினார்கள். "நானும் அதும் ஒரே நாள்ல ரிட்டயருங்க" என்று சொந்த ஊரான ஹனூரின் பேச்சு மாறாமல் சொல்வார். சால்வை இப்போது கணினிக்குப் போர்வை.

இந்த வருஷம் அதன் பழைய இயங்குதளம் மண்டையைப் போட்டது. புதிதாக ஒன்றைப் பென் டிரைவிலிருந்து ஏற்றப் பார்த்தார். பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினால் முக்காலில் நின்றது. அடுத்த தடவை ஆரம்பத்திலேயே திரை நீலமாகி ஆங்கிலத்தில் ஏதோ திட்டியது.

மனைவி சாமியாத்தாள் கெடு வைத்துவிட்டார். ஆயுத பூஜைக்குள் அது ஓட வேண்டும்; ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறும், அந்த மூலைக்குத் தையல் மிஷின் வரும். "ஓடுற சாமானுக்குத்தானுங்க பூசை. ஓடாததுக்கு எதுக்குங்க எடம்?" நியாயமான கேள்விதான். கரியப்பனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"ஒரு சமயத்துல ஒருத்தரத்தான் சந்தேகப்படோணும்" என்பது அவருடைய கொள்கை. ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு காணாமல் போனபோது கற்றது. முதலில் பென் டிரைவைச் சந்தேகப்பட்டு வேறு வாங்கினார். பிறகு ஹார்ட் டிஸ்கின் வயரை மாற்றினார். மின்சாரப் பெட்டிக்குச் சத்துப் பத்தவில்லை என்று அதையும் மாற்றினார். கடைசியில் சூடுதான் குற்றவாளி என்று முடிவு கட்டி, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கணினியின் பக்கம் திருப்பிவைத்தார். சாமியாத்தாள் முறத்தால் விசிறிக்கொண்டு சீரியல் பார்த்தார். கணினி குளுகுளுவென்று பாதியில் நின்றது.

பக்கத்து வீட்டு உதயகுமார் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர். "ஒவ்வொரு வாட்டியும் வேற வேற எடத்துல நிக்குதுன்னா ராம் மெமரிதான் அங்கிள். ஒந்து சல செக் மாடி, ஒரு வாட்டி பாத்துடுங்க" என்றார்.

கரியப்பனின் முகம் சுருங்கிவிட்டது. "அதுகளச் சொல்லாதீங்க தம்பி. புள்ளையாட்டம் பாத்திருக்கறேன்."

பார்த்தது உண்மைதான். ஆயுத பூஜைக்கு ஊரார் மானிட்டரின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்னப் போய்விடுவார்கள். இவருக்கு அது மனசுக்கு ஒப்பாது. வேலை செய்கிறவன் உள்ளே இருக்கிறான், வாசலுக்கு எதற்குப் பொட்டு? ஆகவே வருஷா வருஷம் பெட்டியைத் திறந்து, ராம் பட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் கை நிறையச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்துத் திரும்பச் செருகிவிடுவார்.

பூஜைக்கு முந்தின நாள் காலையில் இரும்புக்காரர் தெருமுனையிலிருந்து குரல் கொடுத்தார். வேறு வழியில்லை. சாமியாத்தாளை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, கரியப்பன் ஒரு பட்டையை உருவினார். அதன் அடி விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பற்கள் பலகையைத் தொட்டால்தான் கணினிக்கு நினைவு இருக்கும்.

சாமியாத்தாள் குனிந்து முகர்ந்து பார்த்தார். "இது சந்தனமுங்க."

"தங்க முலாம் அம்மிணி அது."

"நான் அரச்ச சந்தனம் எனக்குத் தெரியாதுங்களா? ஏனுங்க, பொட்ட நெத்தியில வெப்பாங்களா, பல்லுல வெப்பாங்களா?"

கரியப்பன் ரப்பரை எடுத்துப் பல் பல்லாகத் தேய்த்தார். செருகும் பள்ளத்திலிருந்து பழைய டூத் பிரஷ்ஷால் அவர் கூட்டி எடுத்த குங்குமம் ஒரு சின்னச் சிமிழுக்குக் காணும்.

பட்டைகளைச் செருகி மறுபடி ஏற்றினார். திரையில் கோடு நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டும்போது சாமியாத்தாள் தன்னை அறியாமல் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று திரை சொன்னதும் கரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் வந்து நின்ற இரும்புக்காரருக்கு ஓர் ஓட்டை வாளியைக் கொடுத்தனுப்பிவிட்டு வந்தார் சாமியாத்தாள்.

"சரி, அது அங்கயே இருக்கட்டும். இனி இதுல என்னங்க பண்ணுவீங்க?"

அந்தக் கேள்வியைக் கரியப்பன் எதிர்பார்க்கவில்லை. திரையில் மலையும் ஏரியுமாக ஒரு படம். எலியை அங்கே கொண்டுபோனார், இங்கே கொண்டுவந்தார். கால்குலேட்டரைத் திறந்து இரண்டையும் இரண்டையும் கூட்டினார், சரியாகத்தான் வந்தது. அதை மூடினார். ஏரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியாத்தாள் அடுக்களைக்குள் போனதும், சட்டைப் பையிலிருந்து இன்னோர் இயங்குதளம் ஏற்றிய வேறொரு பென் டிரைவை எடுத்துச் சத்தமில்லாமல் செருகினார்.