அம்மா வாயில் வராத பெயர்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. செத்தவர்களைத்தானே பார்க்கிறார்கள். உயிரோடு இருந்த என் அம்மாவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் என்று முடிவு கட்டிக்கொண்டு போனாரே ஒருவர், அவர் மேல்தான் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்பா வழியில் எங்களுக்கு ஒரு வெள்ளைக்கார மூதாதை உண்டு. பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரன். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்ட காலத்தில் அவர்களிடம் சம்பளத்துக்குச் சிப்பாயாக இருந்தானாம். இங்கேயே பக்கத்துக் கோட்டைக்குப்பத்துப் பெண் ஒருத்தியோடு குடும்பம் நடத்தினான். அவன் விட்டுப்போன ஒரே சொத்து அவன் பெயர்தான். தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம். அப்படியே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக அந்தப் பெயர் என் அண்ணன் வரை வந்தது. அந்தச் சிப்பாய்க்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தவள் பெயரை மட்டும் எவனும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

"என்னிக்காவது ஒரு நாளு நம்ம ஆளுங்க தேடிக்கினு வருவாங்க, பாரு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் வாழ்நாள் ஆசையே அதுதான்.

அம்மாவின் பாடு வேறு. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, மாமனார் பெயரையும் சொல்லக் கூடாது. மகனுக்கும் மாமனார் பெயரே என்பதால் பெற்ற பிள்ளையைக்கூட அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நைனா' என்பாள், அவ்வளவுதான்.

தேடிக்கொண்டு ஆள் வந்த நாளில் அப்பாவும் அண்ணனும் ஏரியில் இறாலுக்குப் போயிருந்தார்கள். நான் பொன்னேரியில், காலேஜில். வந்தவர் புதுச்சேரிக்காரர், பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே சிப்பாயின் இன்னொரு கிளையாம். அவர்கள் வீட்டிலும் மூத்த பேரனுக்கு அதே பெயர். பெயர் ஒத்துப்போனால் சொந்தம் என்பது அவர் கணக்கு.

அம்மா கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் பெயரைக் கேட்டார், சிரித்தாள். மாமனார் பெயரைக் கேட்டார், தலையைக் குனிந்துகொண்டாள். மகன் பெயரைக் கேட்டார். "வந்துடுவாங்க, செத்த உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடையில் நின்று தன் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சிப்பாய் வீடுன்னு வழி காட்டினாங்க. போனா, பெத்த பிள்ளை பேரே அந்தம்மாவுக்குத் தெரியல. இது நம்ம குடும்பமா இருக்காது."

சிப்பாய் வீடு என்று ஊரில் சொல்வது எங்கள் வீட்டைத்தான். நேரே அவரிடம் போனேன். "தெரியாம இல்ல சார், எங்க அம்மா அந்தப் பேரைச் சொல்லக் கூடாது" என்று எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அண்ணன் பெயரையும் தாத்தா பெயரையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தப் பேரை ஊரெல்லாம் சொல்லித்தானே நான் விசாரிச்சேன். பிரான்சுன்னதும் எல்லாருக்கும் சொந்தம் கொண்டாடத் தோணும்மா" என்றார்.

அவர் கையிலிருந்த வம்சாவளிப் படத்தில் கட்டம் கட்டமாக ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை.

"அப்ப இவங்கள எல்லாம் யாரு சார் பெத்தது?" என்று கேட்டேன். அவர் டீக்குக் காசு கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் அப்பா விஷயம் கேட்டு ஆடித் தீர்த்துவிட்டார். "வூடு தேடி வந்த மனுசன தொரத்திட்டியே. ஒரு பேரைச் சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு?"

அந்தப் பெயரைச் சொல்லாதே என்று கட்டிப்போட்டது யார் வீடு என்று நான் கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு தபா கேட்டாரு. மூணும் ஆம்பள பேரு. என் பேரக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."